கடல்பாசி மாஷ்மெலோ

“நோனா, நான், குணம், அந்த அடுப்பு. இந்தக் குசினிக்குள்ள வேற ஒண்டும் இரிக்கப்படாது. அந்த ஜெலட்டின் பெட்டியையும் வெளிய கொண்டு போங்க” என்றான் சீனிமுகம்மது.

நோனா பெட்டியை விடவில்லை. மட்டக்களப்புப் பறங்கிப் பெண். கொழும்புக்குச் சொல்லி எடுப்பித்த பெட்டி அது. விடிந்தால் சுதந்திர தினம். கொடியேற்றம் முடிந்ததும் ஊர்ப் பெரியவர்களுக்குத் தேத்தண்ணி விருந்து. அது அவள் புருஷனின் பொறுப்பு. கொடியின் நிறங்களில் மாஷ்மெலோ வைக்கப் போவதாக அவள் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். அதைச் செய்யத் தெரிந்த ஆள் சாய்ந்தமருதிலிருந்து சவளக்கடை வரைக்கும் சீனிமுகம்மது ஒருவன்தான்.

“இது இல்லாம எப்பிடி இறுகும்?”

“நான் எப்பயும் கடல்பாசியிலதான் செய்யிற. அப்பிடிச் செஞ்சும் சந்தையில என்ன கதைக்காங்க தெரியுமா? சீனிமுகம்மதுர இனிப்பு ஹறாமாம், பண்டி எலும்புல காய்ச்சின ஜெலட்டினாம்.”

“ஆர் சொன்ன?”

“ஸைனுலாப்தீன் மரைக்கார். பள்ளிவாசல் மரைக்கார் சொன்னா ஊர் நம்பாம என்ன செய்யும்? ஒரு கலியாண வீட்டுக்கும் என்னக் கூப்பிடுறாங்க இல்ல. அதுதான் உங்கட துரைக்கிட்டயும் சொன்னன். சாமான் செஞ்சு தாறன். ஆனா காலையில மரைக்கார் இஞ்ச வந்து, என்ட கண்ணுக்கு முன்னால ஒரு துண்டு தின்னோணும்.”

“அவர் தின்னாட்டி?” என்றான் குணம். பாண்டிருப்பு ஆள். வாசலில் ஸ்டூல் போட்டு இருந்தான். நோனாவின் புருஷன் அவனை அங்கேயே இருக்கச் சொல்லியிருந்தார்.

“தின்னாட்டி என்ட தொழில் முடிஞ்சுது. நீ முட்டைய அடி, தம்பி.”

குணம் வெள்ளைக்கருவை அடித்தான். நெடுநேரம் அடித்தான்.

“கை நோகுது நானா.”

“நோகட்டும். சட்டியத் தலகீழாக் கவுத்தா விழப்படாது. அது வரைக்கும் அடி.”

“விழுந்தா?”

“உன்ட தலையிலதான் கவுப்பன்.”

சீனிமுகம்மது ஊறிய கடல்பாசியைக் காய்ச்சிக் கரைத்தான். அதில் சீனியைப் போட்டுப் பாகாக்கினான். நுரைத்து நின்ற வெள்ளைக்கருவில் பாகை நூல் போல விட்டுக்கொண்டு, இப்போது தானே அடித்தான். கலவை தடித்துப் பளபளத்தது. அதைப் பங்கு பிரித்து நிறம் சேர்த்தான். சிவப்பு, மஞ்சள், பச்சை, செம்மஞ்சள். ஒன்று இறுக இறுக அதன் மேல் அடுத்ததை ஊற்றினான்.

“பச்சை உங்கட ஆக்களுக்கு, செம்மஞ்சள் எங்கட ஆக்களுக்கு” என்றான் குணம். “பச்சைய மட்டும் கூட ஊத்திறீங்க.”

“கொடியில சமன். தட்டுலயும் சமன். உன்ட கண்ணுதான் கோணல்.”

“சாயம் எங்கத்தயது? மருதமுனைத் தறியில மிஞ்சினதா?”

நோனா சிரித்துவிட்டாள். சீனிமுகம்மது சிரிக்கவில்லை. “இதையும் சந்தையில போய்ச் சொல்லு” என்றான்.

காலையில் கத்தியை நனைத்து வெட்டினான். ஒவ்வொரு துண்டிலும் நிறங்கள் கோடு பிடித்தது போல நின்றன. விரலால் அழுத்தினால் அமுங்கி, திரும்ப எழும்பின. கொழும்புக் கடைக்காரன் பார்த்தால் வெட்கப்படுவான் என்று நினைத்தான். நினைத்ததை வாய்விட்டும் சொன்னான்.

மரைக்கார் வந்தார். கோட்டும் தொப்பியும் போட்டிருந்தார். கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு குசினி வாசலிலேயே நின்றார்.

“கடல்பாசிதானா?”

“சட்டியில ஒட்டினது இரிக்கி. மோந்து பாருங்க.”

அவர் குனிந்து மோந்தார். “அல்லாஹ்ட மேல ஆணையாச் சொல்லு.”

“அல்லாஹ்ட மேல ஆணை. பள்ளிக்கு வந்தும் சொல்லுவன்.”

பிஸ்மி சொல்லி ஒரு துண்டை வாயில் வைத்தார். மிகவும் மெதுவாக மென்றார். குணம் எழுந்து நின்றான். மரைக்கார் விழுங்கிவிட்டு, கை நீட்டி இன்னொரு துண்டை எடுத்தார்.

“முதல் துண்டுல விளங்கல்லயா?” என்றான் சீனிமுகம்மது.

“விளங்கிச்சு. இது தின்னுறத்துக்கு.”

அதையும் தின்று முடித்தார். “பிழை என்டதுதான். விசாரிக்காமக் கதைச்சுப்போட்டன். கொடி ஏத்தின பிறகு எல்லார்ர முன்னாலயும் நானே சொல்றன். நீயும் வா. தட்ட நீயே தூக்கு.”

சீனிமுகம்மது தட்டை அவர் கையில் வைத்தான். “நீங்க தூக்குங்க. மரைக்கார் குடுத்தாத்தான் பயமில்லாமத் தின்னுவாங்க.”

“நீங்க வரல்லயா?” என்றாள் நோனா.

“இல்ல நோனா.”

“நான் கேஸ வாபஸ் வாங்கிறன்” என்றார் மரைக்கார். “இப்பயே போய்த் துரைக்கிட்டச் சொல்றன்.”

“சாமான் நல்லம் எண்டத்துக்காக, நேத்துச் சந்தையில நான் உங்கட வாயில குத்தினது இல்லாமப் போகாது மரைக்கார். நாளைக்குக் கோர்ட்டுல ஓம், குத்தினன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் வெளிய வருவன்.”

கையைக் கழுவினான். இன்ஸ்பெக்டர் வீட்டுப் பின்முற்றத்தைத் தாண்டிப் பொலிஸ் கூட்டுக்குள் தானே போய் இருந்தான். கொன்ஸ்டபிள் குணம் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து, கம்பிக் கதவைச் சாத்திப் பூட்டினான்.