தண்ணீர் போன வழி

"இன்னியோட போதும், இனிமே வரல" என்று டயாலிசிஸ் நாற்காலியில் சாயும்போதே சவரிமுத்து கொத்தனார் சொல்லிவிட்டார். நர்ஸ் பர்வீன் ஊசியைப் பொருத்தினாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, தன் மகளின் பள்ளிப் பாடத்துக்காக ரோமானியர் கட்டிய கட்டடங்களின் படங்களைப் போனில் தேடினாள். மூன்றடுக்கு வளைவுகளோடு ஆற்றைத் தாண்டி நின்ற ஒரு கல்பாலத்தைக் கண்டதும் அவர் கழுத்தை நீட்டினார்.

"அதைப் பெருசாக்கு, தாயி."

கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே அவர் கண் வெகுநேரம் தேடியது.

"வளைவுல சாந்தே வைக்கல. கல்லைக் கல்லே தாங்கி நிக்குது. எதுக்குக் கட்டுனது?"

"தண்ணி கொண்டுபோக, ஐயா. ரெண்டாயிரம் வருஷம் ஆகப்போகுதாம். ஊத்துலேருந்து ஊருக்கு அம்பது கிலோமீட்டர்."

"வாட்டம் எவ்வளவு குடுத்திருக்கான்?"

அவள் தேடிப் பார்த்துச் சொன்னாள். "மொத்த இறக்கமே பன்னெண்டு மீட்டர்தான்."

"அடேங்கப்பா!" ஊசி குத்தாத கையை அவர் நெற்றிக்குக் கொண்டுபோனார்.

வரைபடத்தைத் திறந்து, அந்த வாய்க்கால் போன கோட்டைப் பிடித்துக்கொண்டு, மலைமலையாகச் சுற்றி இருவரும் மெல்ல நகர்ந்தார்கள். பாதி வழியில் இயந்திரம் கூவியது. நேரம் முடிந்திருந்தது. பர்வீன் கட்டுப் போட்டு முடித்த பிறகும் அவர் எழவில்லை.

"தண்ணி இன்னும் ஊருக்குப் போய்ச் சேரலையே" என்றார். "வியாழக்கிழமை மிச்சத்தைப் பாப்போம்."