ரமாபாய் ஒழிக

எர்ணாவூர் பெயின்ட் டிரம் கம்பெனி வாசலில் ரமாபாயின் கொடும்பாவி எரியத் தயாராக நின்றது. கோணிப்பை உடம்பு, பானைத் தலை, தோளில் கிளிப்பச்சை நிறத்தில் ஒரு துப்பட்டா. யூனியன் தலைவர் வேலப்பன் தீப்பெட்டியும் கையுமாகக் கத்திக்கொண்டிருந்தார்.

"எம்.ஏ. படிச்ச ரமாபாயே, ஏ.சி. உனக்கு, வேர்வை எமக்கா?"

"ஒழிக, ஒழிக!" என்றது கூட்டம்.

மாடி ஜன்னலில் நின்று முதலாளி தவசிமுத்து கீழே எட்டிப் பார்ப்பதும் பின்வாங்குவதுமாக இருந்தார். மளிகை மொத்த வியாபாரத்தில் சம்பாதித்துக் கம்பெனி தொடங்கியவர். சரக்கு தீர்ந்தால் என்ன செய்வதென்று தெரியும், சனம் திரண்டால் என்ன செய்வதென்று பாவம் அவருக்குத் தெரியாது.

பக்கத்தில் நின்றவள்தான் ரமாபாய். வியாசர்பாடிப் பெண், எம்.ஏ. மனிதவள மேலாண்மை, கம்பெனியின் எச்.ஆர். அவள் வந்தபிறகு கேன்டீன் சாம்பாரில் பருப்பு தென்பட்டது, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வந்தது. சண்டை போட யாருக்கும் காரணம் கிடைக்காமல் ஒரு வருஷம் ஓடிப்போனது.

அதுவே அவளுக்கு வினையாகிவிட்டது. "தகராறே இல்லாத கம்பெனிக்கு, தகராறு தீர்க்கப் படிச்ச பிள்ளை எதுக்கு?" என்று போன வாரம் தவசிமுத்து கேட்டுவிட்டார். இந்த மாதத்தோடு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லியும் விட்டார். அவள் தெருவிலேயே முதல் எம்.ஏ. அவள்தான். எந்த முகத்தோடு வீட்டில் சொல்வது என்று அன்று கழிப்பறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு அழுதாள்.

இப்போது தவசிமுத்து அழும் நிலையில் இருந்தார்.

"ஏம்மா, உன்னை எரிக்கப் போறானுவ. துப்பட்டா கூட நீ போடுறது மாதிரியே தேடிப் பிடிச்சிருக்கானுவ, பாரேன்."

"அவ்ளோ கோவம் சார்." ரமாபாய் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் புதிதாக வாங்கிய செல்போனை எடுத்தார். "போலீசைக் கூப்பிடட்டா?"

"ஐயோ, வேணாம் சார். கேன்டீனுக்கு ஃபேன் கேக்கறாங்க, அவ்ளோதான்."

"மாட்டித் தொலை. ஆனா நான் உடனே சரின்னா நாளைக்கு ஏ.சி. கேப்பானுவ."

"அதுக்குத்தான் சார் கூட்டுப் பேரம்னு ஒரு பாடம். நான் போய்ப் பேசறேன்."

ரமாபாய் இறங்கிப் போனாள். வேலப்பன் தீக்குச்சியைக் கிழித்து அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். தவசிமுத்து கண்ணை மூடிக்கொண்டு ஊர்ச் சாமிகளையெல்லாம் கூப்பிட்டார்.

கண்ணைத் திறந்தபோது அவள் அமைதியாகக் கையை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். வேலப்பன் தலை கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்தது. பிறகு கொடும்பாவியைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக உள்ளே போனார்கள். மெஷின் சத்தம் கேட்டதும் தவசிமுத்துவுக்குப் போன உயிர் வந்தது.

"ஃபேனோட முடிஞ்சிது சார். ஏ.சி. பேச்சே எடுக்க மாட்டாங்க," என்றாள் ரமாபாய், மேலே வந்து.

"தாயி, நீ எங்கேயும் போகக்கூடாது. இன்னையிலேருந்து உனக்கு வேலை நிரந்தரம். ஆயிரம் சொல்லு, படிப்பு படிப்புதான்."

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து ரமாபாய் கேன்டீன் பக்கமாக வந்தாள். புது ஃபேனுக்குக் கீழே வேலப்பன் தனியாக உட்கார்ந்திருந்தார். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

"இன்னா, வேலை நெலைச்சுதா?"

ரமாபாய் தலையாட்டினாள். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

"இந்தா தங்கச்சி, உன் துப்பட்டா. பத்திரமா எட்த்து வையி, ப்ரமோஷனுக்கு வேணும்ல."