தனியாக வந்த டீச்சர்

எதிரே சிமெண்ட் குழாய்களை ஏற்றிக்கொண்டு நின்றது லாரி. பின்னால், இப்போதுதான் ஏறி வந்த கொண்டை ஊசி வளைவு. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் சாலையின் ஓரமே தெரியவில்லை. நேராகப் பள்ளம்தான்.

பஸ்ஸுக்குள் பாட்டுக்குப் பாட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்கள் பாதி வரியில் வாயை மூடிக்கொண்டார்கள்.

லாரிக்காரர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அவ்வளவு பாரத்தை வைத்துக்கொண்டு அவரால் பின்னால் போக முடியாது. பஸ்தான் போக வேண்டும்.

முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த டீச்சர் முன்னாலிருந்த கம்பியை இறுகப் பிடித்தாள்.

ஏதோ ஒரு நர்சரிப் பள்ளியில் வேலை என்று சொல்லியிருந்ததால் அவள் எல்லாருக்கும் டீச்சர் ஆகிவிட்டாள். கணவனும் மனைவியும், மாமியாரும் மருமகளும், சம்பந்தி வீட்டாரும் என்று கூட்டம் கூட்டமாகச் சுற்றுலா வந்திருந்த அந்தக் குழுவில் தனி ஆள் அவள் ஒருத்திதான். முதல் நாளே அந்த விசாரணை நடந்து முடிந்திருந்தது.

"தனியாவா வந்தீங்க? இவ்வளவு தூரம், வெளிநாட்டுக்கு?" என்று பின் இருக்கைக்காரி வாயைப் பிளந்தாள். ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரியின் மனைவி.

"வரணும்னு தோணுச்சு. வந்துட்டேன்."

அதற்கு மேல் அவளிடமிருந்து ஒன்றும் கறக்க முடியவில்லை. பாவம், என்ன கஷ்டமோ என்று பஸ்ஸே அவளைத் தத்தெடுத்துக்கொண்டது. யார் பிஸ்கட் பிரித்தாலும் முதல் இரண்டு அவளுக்கு வந்தன. காலையில் ஹோட்டல் அறைக் கதவை யாராவது ஒருவர் தட்டி, டீச்சர் எழுந்தாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் காப்பி குடிக்கப் போனார்கள்.

ஒரே ஒரு குறைதான். அவள் எதையும் பார்ப்பதே இல்லை.

இடது பக்கம் அருவி என்று கைடு மைக்கில் சொன்னால் பஸ்ஸே இடது பக்கம் சாயும். டீச்சர் மட்டும் நேரே சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இறக்கம் வந்தால் அவளுடைய வலது கால் தரையை அழுத்தும். டீச்சர் பிரேக் போட்டால்தான் நம்ம வண்டி நிற்கிறது என்று கைடு கிண்டலடித்தபோது அவளும் சேர்ந்து சிரித்தாள். காலை மட்டும் எடுக்கவில்லை.

இப்போது ஓட்டுநர் கண்ணாடிகளைப் பார்த்தார். இடது. வலது. கடைசியாக நடுவில் இருந்ததை. அங்கே பார்வை ஒரு கணம் தங்கியது.

பிறகு கியர் விழுந்தது.

கைடு இறங்கி ஓடிப்போய்ப் பின்னால் நின்று கையசைத்தான். பீப், பீப் என்று கத்திக்கொண்டே பஸ் பின்வாங்கியது. பேங்க் அதிகாரி குனிந்து இருக்கைக்கு அடியில் செருப்பைத் தேடினார்.

"சும்மா உக்காருங்க. செருப்பு போட்டுக்கிட்டா பறக்கவா போறீங்க?" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அவளும் கண்ணை மூடிக்கொண்டாள்.

டீச்சர் மூடவில்லை.

பின் சக்கரத்துக்கு அடியில் சரளைக்கல் நொறுங்கியது. பஸ் நின்றது. ஒரு முழம் முன்னே வந்தது. ஸ்டியரிங் முழுதாகத் திரும்பி, மறுபடியும் பின்னால். வளைவின் உட்புறத்தில் மலையைக் குடைந்து விட்டிருந்த சின்ன இடத்துக்குள், உறைக்குள் தலையணை நுழைகிற மாதிரி, அந்த நீளப் பஸ் மெல்ல மெல்ல நுழைந்து அடங்கியது.

லாரி உரசாமல் கடந்தது. லாரிக்காரர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, பஸ் ஓட்டுநருக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

பஸ்ஸுக்குள் ஒற்றைக் கைதட்டல் கேட்டது.

டீச்சர் எழுந்து நின்றிருந்தாள். கைகளைத் தலைக்கு மேலே தூக்கி, கண்ணில் நீர் வழிய, விடாமல் தட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த கணம் பஸ் அதிர்ந்தது. சம்பந்திகள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பேங்க் அதிகாரி இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார். இவருக்கு இதெல்லாம் கூடத் தெரியுமா என்று மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மலை உச்சியில் பஸ் நின்றதும் எல்லாரும் முண்டியடித்து இறங்கினார்கள். பேங்க் அதிகாரியின் மனைவி நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். டீச்சரைக் காணோம். பயத்தில் கால் வரவில்லை போலிருக்கிறது என்று, கைத்தாங்கலாக அழைத்து வரத் திரும்பினாள்.

படியில் கால் வைத்ததும் உள்ளே பேச்சு கேட்டது. அப்படியே நின்றுவிட்டாள்.

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே பின்னால் திரும்பியிருந்தாள் அந்தப் பெண்.

"முதல் நாள் நீ படியேறி வந்தப்பவே நான் சாவியக் கீழ போட்டுட்டேன். இத்தனை நாளா பின்னாடியே உக்காந்திருக்க. ஒரு வார்த்தை பேசல."

"டிரைவர்கிட்ட பேசக்கூடாதுன்னு நீதானே தலைக்கு மேல போர்டு மாட்டியிருக்க" என்றாள் டீச்சர்.

அந்தப் பெண் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது.

"நான் ஓட்டுற வண்டியில ஏறவே மாட்டேன்னு சொன்னியே."

டீச்சர் எழுந்தாள். கம்பியைத் தாண்டிக் கையை நீட்டி, தொப்பி அழுத்தியிருந்த அந்தத் தலைமுடியைக் கோதிவிட்டாள்.

"கீழ இறங்கும்போதும் நீதானே ஓட்டுவ?"

"நான்தாம்மா."

"அப்ப நான் கொஞ்சம் தூங்கிக்கிட்டே வரேன். ஹோட்டல் வந்ததும் எழுப்பு."