நத்தைக்கு எத்தனை பல்?

“நானா, நத்தை வாயில எத்தனை பல்லு இருக்குன்னு தெரியுமாங்க?”

பல் வைத்தியரின் நாற்காலியில் மல்லாந்து கிடந்த இப்றாஹிமுக்கு அந்த நேரத்தில் நத்தையைப் பற்றி எந்த அக்கறையும் இல்லை. கேட்டவள் தாதி ஐவி; அண்ணன் முறை வைத்து அவரை ‘நானா’ என்றுதான் கூப்பிட்டாள். கையில் தட்டு, தட்டில் பளபளவென்று குறடுகள்.

“தெரியாது மிஸ்.”

“ஆயிரக்கணக்குல இருக்காம். அத்தனையும் நாக்குல. நம்மளுக்கு மொத்தமே முப்பத்திரண்டு.”

இப்றாஹிமுக்குச் சுருக்கென்றது. தன் பயத்தை இவள் கண்டுபிடித்துவிட்டாள்.

கந்தப்பளையில் இருபத்தைந்து வருடமாக இறைச்சிக்கடை நடத்துகிறவர் அவர். முழு மாட்டுத் தொடையைத் தனியாளாகத் தூக்கிக் கொக்கியில் மாட்டுவார். அப்பேர்ப்பட்டவர், கடவாய்ப்பல் வலியைக் கிராம்பு வைத்தே பத்து நாள் சமாளித்தார். இரண்டு முறை பஸ் ஏறி நுவரெலியாவுக்கு வந்து, இந்த வைத்தியசாலையின் வாசலைப் பார்த்துவிட்டு, “டொக்டர் லீவாம்” என்று வீட்டில் போய்ச் சொன்னார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மகள் இஷ்ராவுக்கு நிக்காஹ். சம்பந்தியோடு ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து புரியாணி சாப்பிட்டாக வேண்டும். கன்னமோ பணிஸ் மாதிரி வீங்கியிருந்தது. “இன்னைக்கும் பல்லோட திரும்பி வந்தீங்கன்னா, நிக்காஹ் அன்னைக்கு உங்களுக்குக் கஞ்சிதான்” என்று காலையில் மனைவி ஹவ்வா உம்மா தீர்ப்புச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

டொக்டர் ஜெரோமி வந்ததிலிருந்து நாலு வார்த்தை பேசவில்லை. முகக்கவசத்துக்கு மேலே மூக்குக்கண்ணாடி, அதற்குள் இமைக்காத இரண்டு கண்கள். அதிகம் பேசாதவன்தான் தொழில்காரன் என்று இப்றாஹிம் மனதைத் தேற்றிக்கொண்டார். தொணதொணக்கும் இந்த மிஸ்தான் தொல்லை.

விறைக்கிற ஊசி ஈறில் இறங்கியது. இப்றாஹிம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

“ஜப்பான்ல பாருங்க, கீழ்ப்பல்லு விழுந்தா கூரை மேல எறிவாங்களாம். மேல்பல்லுன்னா வீட்டுக்கு அடியில போடுவாங்களாம். புதுப்பல்லு அந்தந்தப் பக்கமா நேரா வளரணுமாம். நாங்க சின்னதுல எல்லாப் பல்லையும் லயத்து வீட்டுத் தகரக் கூரை மேலயே எறிஞ்சோம். அதான் எனக்கு மேல்வரிசை இப்பிடிக் கோணல்.”

டொக்டர் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. ஊசியை வெளியே எடுத்தார்.

கிடைத்த இடைவெளியில் இப்றாஹிம் மரத்துக்கொண்டிருந்த வாயால் சொன்னார். “மிஸ், நான் ஒன்னும் சின்னப் புள்ள இல்ல. எனக்குக் கதை சொல்லி ஏமாத்தத் தேவையில்ல. டொக்டரை வேலையப் பார்க்க விடுங்க.”

ஐவி பேச்சை நிறுத்தினாள். குறடை எடுத்த டொக்டரும் அப்படியே நின்றார்.

“பரவாயில்ல, மிஸ் சொல்லட்டும்” என்றார் டொக்டர்.

என்ன தங்கமான மனிதர் என்று நினைத்துக்கொண்டு இப்றாஹிம் வாயைத் திறந்தார். குறடு உள்ளே போனது.

“மாட்டுக்கு மேல்வரிசையில முன்பல்லே கிடையாதாம் நானா.”

இப்றாஹிமுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எத்தனை ஆயிரம் மாட்டுத்தலை பார்த்த ஆளிடம் வந்து மாட்டுப்பல் கதை சொல்கிறாள் இவள். பதில் சொல்லத்தான் பார்த்தார். “ஆங்… ஆங்…” என்றுதான் வந்தது.

குறடு பல்லைப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்தது. ஐவியின் பேச்சு வேகமெடுத்தது.

“ஸ்பெயின்ல, விழுந்த பல்லைத் தலையணைக்கு அடியில வச்சா எலி வந்து எடுத்துக்கிட்டுப் பரிசு வச்சிட்டுப் போகும்னு புள்ளைங்களுக்குச் சொல்லுவாங்களாம். யானைக்கு ஆயுசுக்கும் ஆறு தடவை கடவாய்ப்பல்லு முளைக்குமாம். கணவாய் மீனுக்கு மூணு இதயமாம் நானா, மூணு. அதோட ரத்தம்கூடச் சிவப்பு இல்லையாம், நீலமாம்…”

உள்ளே எங்கோ கடக்கென்று ஒரு சத்தம். தட்டில் டங்கென்று எதுவோ விழுந்தது. இப்றாஹிம் கண்ணைத் திறந்தார். மூன்று வேருள்ள முழுப்பல் அவரைப் பார்த்தபடி கிடந்தது.

டொக்டர் பஞ்சை வைத்து அழுத்தி, “அரை மணி நேரம் கடிச்சுக்கிட்டே இருங்க” என்று சொல்லிவிட்டுக் கை கழுவ உள்ளறைக்குப் போனார்.

இப்றாஹிம் நாற்காலியை விட்டு இறங்கிச் சாரத்தைச் சரிசெய்துகொண்டார். பத்து நாள் வேதனை பத்து நிமிடத்தில் முடிந்திருந்தது. கண்ணில் சஹன் தெரிந்தது. பெருந்தன்மையும் வந்தது.

“மிஸ், நான் பேசினதைப் பெருசா எடுக்காதீங்க” என்றார் பஞ்சுக்கு இடையில். “நீங்க நல்ல மனசோடதான் சொன்னீங்க. ஆனா அதெல்லாம் பயந்தவங்களுக்கு. நான் மாடு வெட்டுற ஆளு, எனக்கு எதுக்கு? டொக்டருக்கும் என்னமாப் பழகின கை. வலியே தெரியல்ல.”

ஐவி உள்ளறைக் கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“உங்களுக்காகச் சொல்லல்ல நானா. டொக்டர் தனியாப் பிடுங்கின முதல் பல்லு இது. பேச்சு நின்னுச்சுன்னா அவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிருது.”

இப்றாஹிம், இறங்கின நாற்காலியிலேயே மறுபடி ஏறி மல்லாந்து படுத்துக்கொண்டார்.