ஈரத்துணி சுற்றிய டப்பா

"ஓடு மச்சான், குப்பை வண்டி கிளம்புறதுக்குள்ள இதைக் கொட்டிட்டு வா."

பூஞ்சை பிடித்த ஸ்ட்ராபெர்ரிகளை மனைவியின் தம்பி கையில் திணித்துவிட்டு, தேறிய பழங்களை வினிகர் கலந்த தண்ணீரில் அலச ஆரம்பித்தார் அவர். வீட்டில் ஒரு துரும்பைக்கூட கிள்ளிப் போடுவதில்லை என்று காலையில்தான் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். மாலைக்குள் அந்தப் பேச்சை மாற்றியாக வேண்டும்.

திரும்பி வந்த மச்சான் சிரித்தான். "கரண்டி எங்க இருக்குன்னே தெரியாது, பழத்தைக் குளிப்பாட்டுறீங்களா மாமா?"

"சிரிக்காதடா. உங்க அக்கா டப்பாவுல ஈரத்துணியைச் சுத்தி அலமாரி மேல வச்சிருக்கா. அழுகாம என்ன செய்யும்? காம்பைக் கிள்ளாம அலசி, ஈரம் போகத் துடைச்சு, காகிதம் விரிச்சு ஃபிரிட்ஜுல வைக்கணும். கத்துக்கோ."

வேலை முடிந்து வந்த மனைவி ஃபிரிட்ஜைத் திறந்தாள். பழங்கள் பளபளத்தன. அவர் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"பூஞ்சை பிடிச்சதெல்லாம் எங்க?"

"அப்பவே வண்டியில ஏத்தியாச்சு."

அவள் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு என் கிளாஸ் பசங்களுக்கு மைக்ராஸ்கோப்புல காட்டணும்னு, அந்தப் பூஞ்சையைத்தாங்க நாலு நாளா பொத்திப் பொத்தி வளர்த்தேன்."