ஒட்டாத நூல்

மாமரத்துப் பொந்தில் அணில்குட்டிகள் கண் திறக்கப்போகும் நாள். சீர் செய்ய வேண்டுமே என்று பக்கத்துக் கிளைச் சிலந்தி, பொந்து வாசலில் விளக்கு மாட்ட ஒரு சரம் கட்டி முடித்தாள். நூல் அவளிடமே இருந்தது, விளக்குதான் இல்லை. மின்மினிகளைக் கூப்பிட்டாள்.

முன்னால் வந்த மின்மினி சரத்தைத் தொடாமல் எட்டவே பறந்தான்.

"உன் நூலில் நானே வந்து உட்காரணுமா? எங்க அத்தை அப்படித்தானே போனா."

"பயம் நியாயம்தான். இது பசை போடாத நூல். ஒரு காலை மட்டும் வச்சுப் பாரு" என்ற சிலந்தி, கிளையின் மறுகோடிக்குத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மின்மினி ஒரு காலை வைத்தான். ஒட்டவில்லை. அடுத்த காலை வைக்கும்போதுதான் கவனித்தான், அவளுடைய கிளை வெறுமையாகக் கிடந்தது.

"உன் வலை எங்கேக்கா?"

"இருந்த நூலெல்லாம் இதுக்கே சரியாப் போச்சு. ஒரு ராத்திரி பட்டினி கிடந்தா செத்தா போயிடுவேன்?"

மின்மினி தன் கூட்டத்தைச் சரத்துக்குக் கூப்பிட்டான். பொழுது சாயும்போது குட்டிகள் கண் திறந்தன. வாசல் முழுக்க வெளிச்சம். குட்டிகள் இமைக்க மறந்து பார்த்தன.

எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருக்க, அத்தையைப் பறிகொடுத்த அந்த மின்மினி மட்டும் சரத்தைவிட்டு எழுந்தான். இருட்டில் பசியோடு தனியே இருந்த சிலந்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து எரிந்தான்.