சில்லறைப் பையில் எட்டு மாதம்

பேட்ஜில் இன்னும் கொஞ்சம் பொன் மிச்சமிருந்தது. தொகாஷிக்கு அதுதான் உறுத்தல்.

கோட்டின் இடது மடிப்பில் குத்தியிருக்கும் அந்தச் சின்னச் சூரியகாந்தி, ஜப்பானில் வக்கீலாகப் பதிவு செய்யும் அன்று பளபளவென்று பொன்னாக இருக்கும். வெள்ளியின் மேல் பூசிய வெறும் பூச்சுதான். வருஷக்கணக்கில் தேய்ந்து உள்ளிருக்கும் வெள்ளி வெளியே தெரிந்தால் ஆள் அனுபவஸ்தர். பொன் மின்னினால் நேற்று முளைத்தவன்.

கட்சிக்காரர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பார்கள்.

அதனால் புது வக்கீல்கள் பலரும் கமுக்கமாகச் செய்வதை அவனும் செய்தான். வேலை முடிந்ததும் பேட்ஜைக் கழற்றிச் சில்லறைப் பையில் போட்டுக்கொள்வான். ரயிலில் காசோடு காசாகக் குலுங்கும். மாடிப்படியில் குலுங்கும். எட்டே மாதத்தில் பதினைந்து வருஷ அனுபவம் வந்துவிட்டது, பேட்ஜுக்கு.

இன்று எதிரே உட்கார்ந்திருந்தவள், அவனைத் தேடி வந்த முதல் கட்சிக்காரி.

பெயர் ஹொன்மா மித்சுயோ. பக்கத்து ஊரான சுபாமேயில் ஸ்பூனுக்கும் முள்கரண்டிக்கும் மெருகு போடும் பட்டறை வைத்திருக்கிறாள். வயது ஐம்பத்தெட்டு. நகக்கண்களில் எந்தச் சோப்புக்கும் அசையாத கறுப்பு. மடியில், துணியில் சுற்றிய ஒரு கட்டு ஸ்பூன்.

ஒரு ஹோட்டல் அவளிடம் வாங்கிய முந்நூறு ஸ்பூன்களையும் திருப்பி அனுப்பியிருந்தது. பெட்டியைப் பிரித்தபோதே கீறல், மெருகு சரியில்லை என்று கடிதம் வேறு. அதன் நகல் மற்ற ஹோட்டல்களுக்கும் போய்விட்டது.

"பணம் போனா போகட்டும் சார். என் கை சரியில்லைன்னு எழுதியிருக்கான். அந்த வரியை அவன் கையாலயே அடிச்சு நீக்க வைக்கணும்."

ஏற்கெனவே இரண்டு வக்கீல்கள் அவளுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டிருந்தார்கள். இருவரும் கேட்டது ஒரே கேள்வி. தொகாஷியும் அதையே கேட்டான்.

"அவங்க பயன்படுத்திட்டுத்தான் திருப்பி அனுப்பினாங்கன்னு எப்படிம்மா நிரூபிக்கிறது?"

அவள் ஒரு ஸ்பூனை எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள்.

"இடது ஓரத்துல மட்டும் கீறல் இருக்கு பாருங்க. வலக்கையால சூப்பை வழிச்சு வழிச்சுக் குடிச்சவங்க வேலை இது. என் மெஷின்ல விழுந்த கீறலா இருந்தா ரெண்டு ஓரத்துலயும் இருக்கும்."

தொகாஷி பார்த்தான். தன் மூக்குதான் தலைகீழாகத் தெரிந்தது.

எடுத்தால் முதல் வழக்கே தோல்வி. விட்டால் முதல் கட்சிக்காரியும் போய்விடுவாள். இரண்டும் வேண்டாம் என்று மனசு அடித்துக்கொண்டது. கடைசியில் பெரிய வக்கீல்கள் செய்வது போலச் சாய்ந்து உட்கார்ந்தான். தொண்டையைச் செருமினான். பேட்ஜில் வெளிச்சம் படும்படி நெஞ்சைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டான்.

"என்னோட இத்தனை வருஷ அனுபவத்துல சொல்றேன்மா. கண்ணால பார்த்துச் சொல்றதையெல்லாம் நீதிபதி ஏத்துக்க மாட்டார்."

மித்சுயோவின் பார்வை பேட்ஜில் போய் நின்றது. தலையில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினாள். மேசைமேல் குனிந்து இன்னும் பக்கத்தில் வந்தாள்.

சரி, மரியாதை வந்துவிட்டது என்று தொகாஷிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

"உங்க பையில ஐந்நூறு யென் காசுதான் அதிகமா சார்?"

"என்னம்மா?"

"துணி உரசித் தேஞ்சா முன்பக்கம் மட்டும் வழவழன்னு தேயும். இது எல்லாப் பக்கமும் கொத்துக் கொத்தா அடி வாங்கியிருக்கு. காசு விளிம்புல இருக்கிற சாஞ்ச வரிகூட இதழ்ல விழுந்திருக்கு." அவள் கொஞ்சம் யோசித்தாள். "எட்டு மாசம். மிஞ்சிப்போனா ஒன்பது."

தொகாஷிக்குக் காது நுனிவரை சூடேறியது. இதோ எழுந்துவிடுவாள், கட்டைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது வக்கீலிடமிருந்தும் போய்விடுவாள் என்று காத்திருந்தான்.

அவள் எழுந்திருக்கவில்லை. கேலியாகச் சிரிக்கவும் இல்லை. பேருந்து நேரத்தைப் படித்துச் சொன்னவள் போலத் தேநீரை எடுத்து ஊதிக் குடித்தாள்.

தொகாஷி மேசைமேல் கிடந்த ஸ்பூனை எடுத்தான். இடது ஓரத்தைப் பார்த்தான். வலது ஓரத்தைப் பார்த்தான். பிறகு குனிந்து தன் கோட்டைப் பார்த்தான்.

"அம்மா, இப்போ சொன்னதை அப்படியே நீதிபதி முன்னாடி சொல்வீங்களா?"

"ஸ்பூன் விஷயம்தானே? சொல்றேனே."

அவன் விரலால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

மித்சுயோவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். வந்ததிலிருந்து முதல்முறையாகச் சிரித்தாள்.

"அவ்வளவு பேர் முன்னாடி உங்க மானம் போயிடுமே சார்."

"போனா போகட்டும்மா."

புதுக் கோப்பு ஒன்றைப் பிரித்துச் சாட்சிப் பொருள் ஒன்று, ஸ்பூன்கள், முந்நூறு என்று எழுதினான். அதன் கீழே இரண்டு, வக்கீல் பேட்ஜ், ஒன்று என்று எழுதும்போது அவனுக்கே சிரிப்பு வந்தது. எட்டு மாதமாக எதை மறைக்கப் பாடுபட்டானோ அதை எழுதியபோது மனசு லேசாகத்தான் இருந்தது.

மித்சுயோ பனிக்காலணியை மாட்டிக்கொண்டு கதவுவரை போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"வழக்கு முடியற வரைக்கும் அதைக் காசோட போடாதீங்க சார். மாசக் கணக்கு மாறிடும்."